யாரும் கையசைக்காத வண்டி

மலைநாட்டுப் புகையிரதப் பாதையைப் படம் பிடிக்காதவர் இக்காலத்தில் அரியர். வண்டியின் வாசலில் ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் தம்மையே படம் எடுத்துக்கொண்ட வெளிநாட்டுப் பிரயாணிகள் எத்தனை ஆயிரம் பேர்! தெமோதரைக்கு அருகிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தின் அடியில் விடியற்காலை முதல் காத்திருந்து, நீலப் பெட்டிகள் பாலத்தின்மீது தோன்றியதும் மூச்சுவிடாமல் நூறு படம் எடுத்த நம் நாட்டவர்தாம் எத்தனை பேர்! கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் இந்தப் பாதையைப்பற்றி எடுக்கப்பட்ட படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அந்த அடுக்கு பட்டிப்பொல உச்சியையும் தாண்டிவிடும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அந்தப் படக் குவியலைக் கிளறிப் பார்ப்பவருக்கு ஒரு பொருள் மட்டும் எளிதில் அகப்படாது. அதுதான் சரக்கு வண்டி.

கண்டிக்கு அண்மையில் வாழும் என் நண்பர் ஒருவர் இக்குறையைத் தனி ஒருவராக நின்று நீக்க முயல்கிறார். யாழ்ப்பாணத்திலே பிறந்து, 1970களின் தொடக்கத்தில் புகையிரதத் திணைக்களத்திலே சேர்ந்து, கார்டாக உழைத்து ஓய்வு பெற்றவர். தாம் பணிபுரிந்த அதே பாதையிலே, பலனையிலும் கடுகண்ணாவையிலும் பேராதனைச் சந்தியிலும் ஒரு பழைய கமராவோடு காத்து நிற்பது அவர் வழக்கம். பிரயாணிகள் வண்டி வரும், போகும். கமரா பையைவிட்டு வெளியே வராது. எண்ணெய்த் தாங்கிகளை இழுத்துக்கொண்டு ஒரு வண்டி வந்துவிட்டாலோ, அவர் கைகள் நடுங்கத் தொடங்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கறுத்த தாங்கிகளிலே இந்த மனிதர் என்ன அழகைக் கண்டார் என்று அருகில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். வீட்டாரும் சிரிக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், நானும் நெடுநாள் சிரித்தவனே.

“தம்பி, பயணி வண்டிக்குக் கைகாட்ட ஆயிரம் பேர் இருக்கினம். இதுக்கு ஆர் இருக்கினம்?” என்று அவர் ஒருநாள் கேட்டார். அன்று அதற்கு நான் விடை சொல்லவில்லை. அவர் செய்வது ஒரு முதியவரின் பொழுதுபோக்கன்று, நம்முடைய சரித்திரத்தில் எழுதாமல் விடப்பட்ட ஒரு பக்கத்தை எழுதும் வேலை என்பதே இன்று என் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலாவதாக, இந்தப் பாதை மனிதருக்காகப் போடப்பட்டதன்று, மூட்டைகளுக்காகப் போடப்பட்டது. கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே விளைந்த காப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல அக்காலத்தில் மாட்டுவண்டியன்றி வேறு கதியில்லை. கடுகண்ணாவைக் கணவாயிலே வண்டிமாடுகள் பட்ட பாடு கொஞ்சமன்று. ஏற்றிய காப்பி துறைமுகத்தை அடைய நாட்கள் பல சென்றன. 1854ஆம் ஆண்டிலே கண்டியிற் கூடிச் சங்கம் அமைத்துக்கொண்ட தோட்டத் துரைமார் புகையிரதம் வேண்டுமென்று அரசாங்கத்தை விடாது நெருக்கினர். 1858ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தேசாதிபதி சேர் ஹென்றி வாட் முதல் மண்ணை வெட்டினார். 1864 டிசம்பரில் அம்பேபுசை வரையும், 1867இல் கண்டி வரையும் வண்டி ஓடிற்று. பின்னர் 1874இல் நாவலப்பிட்டி, 1880இல் மாத்தளை, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை என்று காடு அழிந்து தோட்டம் ஏறிய திசையிலெல்லாம் தண்டவாளமும் ஏறிற்று. எந்த ஊரில் எத்தனை மனிதர் வாழ்கின்றனர் என்று கேட்டுப் போட்ட பாதையன்று இது. எந்த மலையில் எத்தனை மூட்டை விளைகிறது என்று கேட்டுப் போட்ட பாதை.

விதியின் வேடிக்கையையும் பாருங்கள். வண்டி கண்டியை அடைந்து இரண்டே ஆண்டுகளில், 1869இல், காப்பியிலையில் நோய் கண்டது. அடுத்த சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் பட்டுப்போயின. ஆனால் வண்டி கண்டிக்கு வந்த அதே 1867ஆம் ஆண்டிலேதான் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். காப்பிக்காகப் போட்ட பாதையிலே தேயிலை ஏறிக்கொண்டது. பிரயாணிகளோ, இடமிருந்தால் ஏற்றிக்கொள்ளப்படும் விருந்தாளிகளாகவே இருந்தனர் எனலாம். இன்று விருந்தாளியின் படம் மட்டும் சுவரிலே தொங்குகிறது. வீட்டுக்காரனின் படம் இல்லை.

ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரையுள்ள ஏற்றத்தை நூலில் வாசித்தறிவது வேறு. கரையில் நின்று கேட்டறிவது வேறு. ஏறத்தாழ 12 மைல் தூரத்துக்குள் பாதை 1,400 அடி உயர்கிறது. அதாவது, வண்டி 44 அடி முன்னே சென்றால் ஓர் அடி மேலே ஏறியாக வேண்டும். சாதாரண வீதிக்கு இது ஒரு பொருட்டேயன்று. இரும்பின்மேல் இரும்பு உருளும் புகையிரதத்துக்கோ இது மலையேற்றமேயாகும். சக்கரம் வழுக்கும், தண்டவாளத்திலே மணலைத் தூவித்தான் பிடிப்பு உண்டாக்க வேண்டும். பாரமான வண்டிகளுக்கு ரம்புக்கனையிலே பின்னால் இன்னோர் எஞ்சினைப் பூட்டித் தள்ளச் செய்தனர். முன்னே ஒன்று இழுக்க, பின்னே ஒன்று தள்ள, நடுவிலே பெட்டிகள் முனகிக்கொண்டு அலகல்லை மலையின் இடுப்பைச் சுற்றி ஏறும். கீழே நெல்வயல்கள் படிப்படியாகத் தெரியும். அப்பால், பைபிளை நிறுத்திவைத்தாற்போன்ற பத்தலேகல மலை நிற்கும். இக்காட்சியைப் பிரயாணிகள் பலமுறை வருணித்துவிட்டார்கள்; ஆதலால் நான் விட்டுவிடுகிறேன். என் நண்பர் வருணிப்பது ஒலியை. சரக்கு வண்டி கண்ணிலே படுவதற்குக் கால்மணி நேரத்துக்கு முன்பே காதிலே படும் என்பார் அவர். எந்த வளைவிலே எஞ்சினின் குரல் மாறுகிறது, எந்தச் சுரங்கத்துக்குள் அடங்குகிறது என்பதைக் கேட்டே, பாரம் எவ்வளவு, தண்டவாளம் ஈரமோ காய்ந்ததோ என்று சொல்லிவிடுவார். படம் பிடிப்பதற்கு வேண்டிய பாதி வித்தை காதிலே இருக்கிறது என்பதை அவரிடந்தான் அறிந்தேன்.

இந்த ஏற்றத்துக்காகவே இங்கிலாந்தில் மான்செஸ்டரிலுள்ள பெயர், பீக்கொக் கம்பெனியாரின் ‘கரட்’ எஞ்சின்கள் வந்தன. ஒரே கொதிகலனின் இருபுறமும் இருதொகுதிச் சக்கரங்கள் பூண்டவை. முதலாவது 1927இல் வந்தது. 1945இல் மேலும் எட்டு வந்தன. 1954இல் கொழும்புத் திட்டத்தின் உதவியாகக் கனடாவிலிருந்து டீசல் எஞ்சின்கள் அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி வந்தன. கரட் எஞ்சின் பூட்டிய வண்டியிலே பணிசெய்யும் பேறு என் நண்பருக்கு வாய்க்கவில்லை. மூத்தவர்கள் சொல்லக் கேட்டவர் மட்டுமே. அதை இன்னமும் ஒரு குறையாகவே சொல்லிக்கொள்கிறார்.

கார்டின் தொழிலைப்பற்றியும் ஒரு வார்த்தை. பிரயாணிகள் வண்டியின் கார்டைப் பலரும் அறிவர். வெள்ளைச் சட்டை, பச்சைக் கொடி, விசில். சரக்கு வண்டியின் கார்டு வேறொரு பிறவி. கடைசிப் பெட்டியிலே தனியே இருப்பவர் அவர். ஒற்றைப் பாதையாதலால், எதிரே வரும் பிரயாணிகள் வண்டிக்கு வழிவிட்டு ஏதாவதொரு சிறு நிலையத்தின் பக்கப்பாதையிலே மணிக்கணக்காய்க் கிடக்க வேண்டும். முன்னே செல்லும் உரிமை ‘டப்லட்’ என்னும் வட்டத் தகட்டிலே இருக்கிறது. இரு நிலையங்களுக்கிடையே ஒரு நேரத்தில் ஒரு தகடு மட்டுமே பெட்டியிலிருந்து வெளிவரும். அது கையிலே கிடைக்கும்வரை எஞ்சின் நகர முடியாது. நூறாண்டுக்கு மேற்பட்ட இந்த ஏற்பாடு மலைநாட்டிலே இந்த நூற்றாண்டிலும் நிலைத்திருந்தது. பனி கொட்டும் இரவிலே, சோற்றுப் பொதியும் அரிக்கன் லாம்பும் துணையாக, எந்த நிலையத்திலே எப்போது விடிவு வருமென்று தெரியாமல் கிடந்த அந்த மனிதரைப்பற்றி நம் எழுத்தாளர்கள் எவரும் விரிவாக எழுதியதாக எனக்கு ஞாபகமில்லை. தபால்காரரைப்பற்றி எழுதினோம்; கங்காணியைப்பற்றி எழுதினோம்; இவரை விட்டுவிட்டோம்.

அந்த வண்டிகள் எதைச் சுமந்தன? கீழிருந்து மேலே அரிசி, மா, உரம், மண்ணெண்ணெய்; மேலிருந்து கீழே தேயிலைப் பெட்டிகள். தலவாக்கலையிலும் வட்டகொடையிலும் அட்டனிலும் நானுஓயாவிலும் ஏற்றப்பட்ட அந்தப் பெட்டிகளிலே நம்மவரின் விரல் படாத ஓர் இலையும் இருந்திருக்க முடியாது. கொழுந்து கிள்ளிய விரலுக்குக் கிடைத்த அரிசியும் அதே பாதையிலேதான் ஏறி வந்தது. ஆகவே, மலைநாட்டுத் தமிழரின் வரவு செலவுக் கணக்கு முழுவதும் அந்தக் கறுத்த பெட்டிகளிலே ஓடிற்று எனலாம். தோட்டங்களிலே புகையிரதத்தைக் ‘கோச்சி’ என்பார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாலே பிரஜாவுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தாலே கூறுபோடப்பட்டு, தலைமன்னார்த் துறைக்குப் பயணமானவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. நிலையத்து மேடையிலே உறவினர் மார்பிலடித்து அழ, தகரப் பெட்டியும் பாயும் படுக்கையுமாய் ஏறி, கடுகண்ணாவை இறக்கத்திலே இறங்கி, பொல்காவலையிலே வடக்கே திரும்பிப் போனார்கள். பெயரளவில் அது பிரயாணிகள் வண்டிதான். இலட்சக்கணக்கான மனிதரைத் தலைக்கணக்கு எண்ணி இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட விதத்தை நினைத்தால், அதை எந்த வகையிலே சேர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அந்த வண்டிகளின் படங்கள் எத்தனை நம்மிடம் உள்ளன? கையிலே கமரா இருந்தவர்களுக்கு அந்த மேடையிலே வேலை இருக்கவில்லை. மேடையிலே நின்றவர்களிடம் கமரா இருக்கவில்லை.

படக்காரர்கள் இந்நாட்டில் இல்லாமற் போனார்களா? இல்லை. இப்பாதை போடப்பட்ட காலந்தொட்டே இருந்தார்கள். கொழும்பிலே ஸ்கீன் கம்பெனியார் இருந்தனர். 1870களிலே கண்டியிலேயே சார்ல்ஸ் ஸ்கோவன் படச்சாலை நடத்தினார். பாறையின் விளிம்பிலே தொங்கினாற்போல் வண்டி செல்லும் கடுகண்ணாவைக் காட்சி அக்காலத்திலேயே படமாகி, கப்பலேறி, சீமை வரவேற்பறைகளுக்குச் சென்றது. 1879இல் இந்த மலைநாட்டிலேயே மறைந்த ஜூலியா மார்கரட் கமரன் அம்மையார் தோட்டத்துத் தமிழரின் முகங்களையும் படம் பிடித்தார். அவர்களுடைய கலையைக் குறைசொல்ல நான் வரவில்லை. வாங்குவோர் விரும்பியது பாறையையும் பள்ளத்தாக்கையும். விற்போர் அதையே எடுத்தனர். சரக்கு வண்டியை வாங்கிச் சுவரில் மாட்டுவோர் யார்? இன்றைய ஒன்பது வளைவுப் பாலத்துப் படத்துக்கும் அன்றைய பாறை விளிம்புப் படத்துக்கும் இடையே நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும், கமரா திரும்பிய திசை திரும்பியதாகவே இருக்கிறது.

பிற நாடுகளிலே வேறுவிதமாகவும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்பவர் 1955 முதல் 1960 வரை, நீராவி எஞ்சின்களை விடாது ஓட்டிவந்த ஒரு கம்பெனியின் பாதையிலே, தம் சொந்தச் செலவிலே, இரவிலே, பல மின்வெட்டு விளக்குகளைப் பொருத்திப் படம் பிடித்தார். அவற்றுள் புகழ்பெற்றவை பல சரக்கு வண்டிகளின் படங்களே. அவை எடுக்கப்பட்டபோது பித்துக்கொள்ளித்தனமாகத் தோன்றியவை. இன்று அதே ஊரிலே பழைய புகையிரத நிலையமொன்றை அவற்றுக்கான காட்சிச்சாலையாக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர் தம் பழைய பாதையோரம் கமராவோடு நிற்பது எவருக்கும் வியப்பளிப்பதில்லை.

இங்கே அப்படி நிற்பதற்கே ஒரு காலம் தடை இருந்தது. எங்கள் நண்பர் பணியிலிருந்த ஆண்டுகளிற் பெரும்பகுதி போர்க்காலம். பாலத்தையோ நிலையத்தையோ ஒருவன் படம் எடுத்தால் அவன் நோக்கம் என்னவென்று கேட்கப்பட்ட காலம் அது. எடுப்பவன் தமிழ்ப் பெயருடையவனாயின், கேள்வி கேள்வியோடு நின்றுவிடாது. 1980களின் இறுதியிலே ஒரு நிலையத்திலே, தம் சொந்த வண்டியின் கடைசிப் பெட்டியைப் படம் எடுக்க முயன்றதற்காக, கார்டு உடுப்பிலேயே அரைநாள் இருத்தி விசாரிக்கப்பட்டார். படச்சுருளை உருவி வெளிச்சத்திலே பிடித்துவிட்டுக் கமராவைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதன்பின் ஓய்வு பெறும்வரை அவர் கமராவைத் தொடவில்லை. நாள்தோறும் தம் கண்முன்னே தேய்ந்து, குறைந்து, ஒவ்வொரு நிலையத்திலும் பக்கப்பாதைகள் புல்மூடிப் போனதைப் பார்த்தவர் அவர். எடுத்திருக்க வேண்டிய படங்களெல்லாம் அந்த இருபது ஆண்டுகளிலேதான் இருந்தன. அவர் கையிலே கமரா மீண்டும் வந்தபோது தேயிலை லொறிக்கு மாறிவிட்டிருந்தது. பேராதனை, கொட்டகலை, அப்புத்தளைக் களஞ்சியங்களுக்குச் செல்லும் எண்ணெய் வண்டியும், பாதை பழுதுபார்க்கும் கல்வண்டியுமே மிஞ்சியிருந்தன. அதனாலேதான் எண்ணெய்த் தாங்கியைக் கண்டதும் கை நடுங்குகிறது. வராமற்போன வண்டிகளையெல்லாம் அந்த ஒரு வண்டியிலே எடுக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதிலே எனக்கும் அவருக்கும் ஒரு சண்டையும் உண்டு. எடுத்த படங்களின் பின்னே அவர் ஒன்றும் எழுதிவைப்பதில்லை. “பாத்தாத் தெரியாதே?” என்பார். அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியுமா? நாள், இடம், எஞ்சினின் இலக்கம், எத்தனை பெட்டி, எங்கிருந்து எங்கே, சாரதி யார், கார்டு யார் என்று எழுதாத படம் பாதிப் படமே. அழகான படத்துக்கு இவை வேண்டாமாயிருக்கலாம், சரித்திரத்துக்கு வேண்டும். இரண்டு ஆண்டுகளாக நச்சரித்து, இப்போது ஒரு கொப்பி போட்டிருக்கிறார்.

பழமைமீது கொண்ட ஏக்கமே இது, காலம் மாறினால் வண்டியும் மாறத்தானே வேண்டும் என்று சிலர் கூறுவர். மாறட்டும். ஆனால் 2025 நவம்பர் இறுதியிலே டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையிலே ரம்புக்கனைக்கு மேலே இந்தப் பாதை அறுந்துபோன விதத்தைக் கண்டவர்கள் அவ்வளவு எளிதாகப் பேசமாட்டார்கள். மலை சரிந்து தண்டவாளத்தை மூடிற்று. அணை அரிக்கப்பட்ட இடங்களிலே தண்டவாளம் ஏணிபோல் அந்தரத்திலே தொங்கிற்று. அந்த வாரத்திலே நண்பர் தம் படங்களையெல்லாம் மேசையிலே பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்ணெய் வண்டியை எடுக்கப்போய், அதற்குப் பின்னாலே, கரைகட்டிய கருங்கற் சுவரும், நீரோடும் வாய்க்காலும், மதகின் வாயும் அவர் அறியாமலே படத்திலே விழுந்திருந்தன. சுற்றுலாப் படங்களிலே இவை இரா. அவை வண்டியையும் வானத்தையும் முகத்தையும் மட்டுமே அறிந்தவை. ஒரு படத்திலே வாய்க்கால் துப்புரவாயிருந்தது; நான்கு ஆண்டுக்குப் பிந்திய இன்னொன்றிலே அதே வாய்க்கால் மண்ணும் செடியுமாய் நிறைந்திருந்தது. அவ்விரண்டையும் அருகருகே வைத்து என்னிடம் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை.

அறுந்த பாதையைக் கட்டும்போது எதற்காகக் கட்டுகிறோம் என்ற கேள்வி எழுகிறது. ஒன்பது வளைவுப் பாலத்தைக் காணவரும் வெளிநாட்டாருக்காக மட்டுமென்றால், இலேசான வண்டிகளுக்கு ஏற்ற பாதையே போதும். தேயிலையும் உரமும் எண்ணெயும் மீண்டும் இதிலே ஏற வேண்டுமென்றால் கட்டும் முறை வேறு. பக்கப்பாதைகளையும் சரக்கு மேடைகளையும் பற்றிய சிந்தனையும் வேறு. கண்டி வீதியிலே கடுகண்ணாவை வளைவுகளிலே லொறிக்குப் பின்னே லொறியாக ஊர்வதைப் பார்த்தவன் என்ற முறையிலே, பாரத்தைத் தண்டவாளத்துக்குத் திருப்புவதே நாட்டுக்கு நன்று என்பது என் துணிபு. செலவுக் கணக்கு அறிந்தோர் மறுக்கலாம், மறுக்கட்டும். ஆனால் இந்தப் பாதை எதற்காகப் பிறந்தது என்பதையே மறந்துவிட்ட ஒரு தலைமுறை அந்தக் கணக்கைப் போடக்கூடாது. மறவாதிருக்கப் படம் வேண்டும்.

கடுகண்ணாவை நிலையத்தருகே 2014 டிசம்பரிலே, புகையிரதத்தின் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி, ஒரு நூதனசாலை திறந்தார்கள். பழைய எஞ்சின்களும் கருவிகளும் அங்கே உள்ளன. அங்கே ஒரு சுவரைச் சரக்கு வண்டிக்கென்று ஒதுக்கினால் என்ன? பேராதனைப் பல்கலைக்கழகத்து நூலகம், ஓய்வுபெற்ற ஊழியர்களின் வீடுகளிலே பழைய பிஸ்கட் தகரங்களுக்குள் கிடக்கும் படங்களையும் கடிதங்களையும் கால அட்டவணைகளையும் கேட்டு வாங்கிச் சேர்த்தால் என்ன? நாவலப்பிட்டியிலும் கம்பளையிலும் கண்டியிலும், சாரதிகளும் பயர்மன்களும் நிலைய அதிபர்களும், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும், அவர்கள் பிள்ளைகளும் இன்னும் இருக்கிறார்கள். பலர் மெல்பேணிலும் டொரொன்டோவிலும் இருக்கிறார்கள். வீடு மாறும்போது முதலிலே எறியப்படுவது அந்தத் தகரந்தான்.

நண்பரிடம், உங்கள் படங்களைக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். கொடுப்பதிலே தடையில்லை என்றார். ஆனால் 2011ஆம் ஆண்டு பலனையிலே எடுத்த ஒரு படத்திலே மூன்றாவது தாங்கியின் இலக்கம் நிழலிலே மறைந்துவிட்டதாம். அன்றைய கார்டு இப்போது மாவனல்லையிலே இருக்கிறார். அவரிடம் பழைய நாட்குறிப்பு இருக்கக்கூடும். அடுத்த சனிக்கிழமை பஸ்ஸிலே போய்க் கேட்டு வந்து, கொப்பியிலே எழுதிவிட்டுத்தான் கொடுப்பாராம்.